உங்கள் எம்.பி. கமிட்டிக்குப் போகிறாரா?

தேர்தல் வந்துவிட்டால் ஊரெங்கும் ஒரே பேச்சுத்தான். "அவர் நன்றாகப் பேசுவார்", "இவர் எதிராளியை மடக்கிவிடுவார்" என்று திண்ணையிலும் டீக்கடையிலும் அலசுகிறோம். பாராளுமன்றத்தில் யார் எழுந்து நின்று கர்ஜித்தார் என்பது பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறது. அதைப் படித்துவிட்டு, "ஆள் கெட்டிக்காரர்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால், "அவர் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போனாரா? அங்கே என்ன செய்தார்?" என்று யாராவது கேட்டதுண்டா? இல்லை.

கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. ஓர் எம்.பி.யின் உழைப்பை அளந்து பார்க்க அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

கல்யாண வீட்டுக்குப் போகிறோம். பந்தியில் பரிமாறுகிறவரை எல்லோரும் பார்க்கிறோம். கொல்லைப்புறத்தில் கோட்டை அடுப்புக்கு முன்னால் விடிய விடிய நின்றவரை யார் பார்க்கிறார்கள்? சாம்பாரில் உப்புக் கூடுவதும் குறைவதும் அவர் கையில்தான் இருக்கிறது. பாராளுமன்றமும் அப்படித்தான். சபை என்பது பந்தி. கமிட்டி என்பது சமையற்கட்டு.

கமிட்டி என்றால் என்ன?

லோக்சபையில் 543 உறுப்பினர்கள். ராஜ்யசபையில் 245 இடங்கள். இத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு மசோதாவை வரி வரியாகப் படிக்க முடியுமா? முடியாது. அதனால் சிலரைப் பொறுக்கி எடுத்து, "நீங்கள் உட்கார்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று அனுப்புகிறார்கள். அதுதான் கமிட்டி.

சர்க்கார் செலவழித்த பணத்தைச் சரிபார்க்கப் பொதுக் கணக்குக் கமிட்டி இருக்கிறது. அது 1921-ல் தொடங்கியது. அதில் 22 உறுப்பினர்கள். ஒவ்வொரு இலாகாவையும் கவனிக்க நிலைக் கமிட்டிகள் இருக்கின்றன. இவை 1993 முதல் வேலை செய்கின்றன. மந்திரிகள் இவற்றில் உறுப்பினராக இருக்கக் கூடாது. இவை தவிர, ஒரே ஒரு மசோதாவைப் பார்ப்பதற்கென்று அமைக்கும் கமிட்டியும் உண்டு.

கூட்டம் மூடிய கதவுக்குள்ளே நடக்கும். நிருபர்களுக்கு இடமில்லை. காமிரா இல்லை. கைதட்ட ஆளில்லை. கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது. இலாகாச் செயலாளரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், பிறகு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். பொதுமக்களும் சங்கங்களும் மனுக் கொடுக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, கமிட்டி அறிக்கை எழுதிச் சபைக்குக் கொடுக்கும்.

முன்கூட்டியே காகிதங்களைப் படித்துவிட்டு வந்தவர்தான் அங்கே கேள்வி கேட்க முடியும். படிக்காதவர் டீயும் பிஸ்கோத்தும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்!

ஓர் அம்மையார் செய்த வேலை

இப்படிக் கமிட்டியில் உழைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் கீதா முகர்ஜி. வங்காளத்துக்காரர். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர். 1980 முதல் பான்ஸ்குரா தொகுதியிலிருந்து ஏழு முறை லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சிறுவர்களுக்குப் புத்தகங்கள் எழுதியவர். மத்தியில் மந்திரிப் பதவி எதுவும் வகித்ததில்லை.

1996 செப்டம்பர் 12-ம் தேதி தேவ கவுடா சர்க்கார் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. லோக்சபையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அந்த மசோதா. அப்போது லோக்சபையில் பெண்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு 1993-லேயே வந்துவிட்டது. "பஞ்சாயத்துக்கு ஆகும் என்றால் பாராளுமன்றத்துக்கு ஏன் ஆகாது?" என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

மசோதா இரு சபைகளின் கூட்டுக் கமிட்டிக்குப் போனது. உறுப்பினர்கள் 31 பேர். பல கட்சிக்காரர்கள். ஆதரித்தவர்கள் இருந்தார்கள். ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். கமிட்டிக்குத் தலைவர் கீதா முகர்ஜி.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9-ம் தேதி அறிக்கை சபைக்கு வந்துவிட்டது!

ஒரு சொல்லின் விலை

அந்த அறிக்கையில் என்ன இருந்தது? வீர வசனம் எதுவும் இல்லை. சொற்களைச் சரிசெய்யும் யோசனைகள் இருந்தன.

உதாரணம் சொல்கிறேன். மசோதாவில் "மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல்" என்று இருந்தது. இதை மாற்றி, "கூடிய வரையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக" என்ற பொருளில் எழுத வேண்டும் என்றது கமிட்டி.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் நான்கு தொகுதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்றே கால் தொகுதிக்குச் சற்று மேலே வரும். தொகுதியை அரையும் காலுமாக வெட்ட முடியுமா? "குறையாமல்" என்றால் இரண்டு தொகுதி கொடுக்க வேண்டும். அது பாதியாகிவிடும். "நெருக்கமாக" என்றால் ஒன்று கொடுத்தால் போதும். ஒரு சொல்லால் ஒரு தொகுதியே மாறிவிடுகிறது! சொல் தெளிவாக இல்லாவிட்டால் வழக்கு, வாய்தா என்று வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும் என்றும் கமிட்டி சொன்னது. டில்லி சட்டசபைக்கும் இது பொருந்த வேண்டும் என்றது. ராஜ்யசபைக்கும் மேல்சபைகளுக்கும் நீட்ட வேண்டும் என்றது. பிற்பட்ட வகுப்புப் பெண்களுக்கும் ஒதுக்கீடு தருவது பற்றித் தக்க சமயத்தில் யோசிக்க வேண்டும் என்றது.

"தக்க சமயம் என்ன, இப்போதே வேண்டும்" என்றார் ஓர் உறுப்பினர். அவர்தான் நிதிஷ்குமார். தம் மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொள்ளாதவர் கூச்சல் போட வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் போதும். ஆண்டுகள் கழிந்தாலும் அழியாது. அவர் எழுப்பிய பிரச்சினை 2023-ல்கூடச் சபையில் பேசப்பட்டது.

சபையில் நடந்தது என்ன?

கமிட்டி வேலை மூன்று மாதத்துக்குள் முடிந்தது. சபையிலோ இருபத்தேழு வருஷம் இழுத்தது!

1998 ஜூலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த தம்பிதுரை சட்ட மந்திரியாக இருந்தார். அவர் மசோதாவைக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதன் பிரதியைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். சபை கலைந்தது, மசோதா காலாவதியானது. மறுபடி வந்தது, மறுபடி காலாவதியானது. கீதா முகர்ஜி 2000 மார்ச் 4-ம் தேதி காலமானார். மசோதா சட்டமானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

2008-ல் மசோதா மீண்டும் வந்தது. இந்தத் தடவை அதைப் பார்த்தது சட்ட இலாகாவின் நிலைக் கமிட்டி. தலைவர், தமிழ்நாட்டின் ராஜ்யசபை உறுப்பினரான ஜெயந்தி நடராஜன். 2009 டிசம்பரில் அறிக்கை வந்தது. சமாஜ்வாதிக் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2010 மார்ச் 9-ம் தேதி ராஜ்யசபை மசோதாவை நிறைவேற்றியது. லோக்சபையில் அது நகரவே இல்லை.

கடைசியில் 2023 செப்டம்பரில் புதிய மசோதா வந்தது. 20-ம் தேதி லோக்சபையில் 454 ஓட்டு ஆதரவு, 2 எதிர்ப்பு. மறுநாள் ராஜ்யசபையில் எதிர்ப்பே இல்லை. சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். "கூடிய வரையில் மூன்றில் ஒரு பங்கு" என்ற பொருள் தரும் அதே சொற்கள் இருக்கின்றன. 15 ஆண்டு இருக்கிறது. டில்லி சட்டசபை இருக்கிறது. 1996-ல் ஓர் அறைக்குள் உட்கார்ந்து செதுக்கிய சொற்கள் இன்று நம் அரசியல் சட்டத்திலே இருக்கின்றன. கிழித்துப் போட்ட காகிதத்தைக் குப்பைக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்!

கமிட்டி பார்க்காத நிபந்தனை

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 மசோதா எந்தக் கமிட்டிக்கும் போகவில்லை. "இரண்டு கமிட்டிகள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே, மறுபடி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

ஆனால் அந்த இரண்டு கமிட்டிகளும் பார்க்காத ஒரு நிபந்தனை புதிதாக அதில் சேர்ந்திருந்தது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வேண்டும். அதன் பிறகு தொகுதி எல்லைகளைத் திருத்த வேண்டும். அப்புறம்தான் ஒதுக்கீடு என்பதே அது. பழைய மசோதாக்களில் இது கிடையாது. 2024 தேர்தல் ஒதுக்கீடு இல்லாமலே நடந்தது. 543 பேரில் பெண்கள் 74 பேர்தான் வந்தார்கள்.

நிபந்தனை சரியா, தப்பா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. கமிட்டிக்குப் போயிருந்தால், "இது எதற்கு? எத்தனை வருஷம் ஆகும்? இது இல்லாமல் செய்ய முடியாதா?" என்று யாராவது அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள். பதில் அறிக்கையில் ஏறியிருக்கும். நீங்களும் நானும் படித்திருக்கலாம். அந்த வாய்ப்புப் போய்விட்டது.

இது ஒரு மசோதாவின் கதை மட்டுமல்ல. 2009 முதல் 2014 வரை இருந்த லோக்சபையின் காலத்தில் நூற்றுக்கு சுமார் 71 மசோதாக்கள் கமிட்டிக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த சபையின் காலத்தில் அது சுமார் 16 ஆகக் குறைந்துவிட்டது. 2020-ல் வந்த மூன்று விவசாய மசோதாக்களும் கமிட்டிக்குப் போகவில்லை. விவசாயிகள் சுமார் ஒரு வருஷம் டில்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. அறைக்குள் கேட்க வேண்டிய கேள்வியை நடு ரோட்டில் கேட்கும்படி ஆயிற்று.

"கிடப்பில் போடும் இடம்" என்பது சரியா?

கமிட்டி என்றாலே மசோதாவைக் கிடப்பில் போடும் இடம் என்று ஒரு கேலி உண்டு. சில சமயம் அப்படி நடப்பது உண்மை. ஆனால் அது கமிட்டியின் குற்றம் அல்ல. மனம் இருந்தால் மூன்று மாதம் போதும் என்று கீதா முகர்ஜி காட்டிவிட்டார்.

"கமிட்டி சொன்னால் சர்க்கார் கேட்டாக வேண்டுமா?" என்றும் கேட்பார்கள். கட்டாயம் இல்லை. ஆனால் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் யோசனை சொல்கிறார்கள். எல்லாவற்றையுமா கேட்கிறோம்? ஆனாலும் அவர்கள் வாயைத் திறக்காத வீடு உருப்படுமா?

"கதவை மூடிக்கொண்டு பேசுவது எதற்கு?" என்பது மூன்றாவது கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. கலந்து யோசிக்கும் நேரத்தில் கதவு மூடியிருக்கட்டும். அப்போதுதான் கட்சிக்குப் பயப்படாமல் மனத்தில் பட்டதைச் சொல்வார்கள். ஆனால் அதிகாரிகளிடம் கேள்வி கேட்கும் நேரத்திலாவது கதவைத் திறந்துவைக்கலாம். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். நாமும் செய்யலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த தடவை உங்கள் எம்.பி. ஊருக்கு வருவார். மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நாலு கேள்வி கேளுங்கள்.

நீங்கள் எந்தக் கமிட்டியில் இருக்கிறீர்கள்? போன வருஷம் எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனைக்குப் போனீர்கள்? எங்கள் ஊருக்குச் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்தை அங்கே எழுப்பினீர்கள்? நீங்கள் சொல்லி அறிக்கையில் ஏறிய யோசனை எது?

மழுப்பினால் விடாதீர்கள். கமிட்டி அறிக்கைகள் ரகசியம் அல்ல. எந்தக் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் அறிக்கையின் பின்னால் இருக்கும். பாராளுமன்றத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களுக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் காலேஜில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல பாடம்.

நாம் கைதட்டுவதைப் பார்த்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள். நாம் கேட்பதைப் பார்த்து அவர்கள் வேலை செய்யட்டும். கமிட்டியைப் பற்றி ஜனங்கள் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்தால், காகிதத்தைப் படிக்காமல் போகும் எம்.பி.யும் முதல் நாள் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்க உட்காருவார்!