தாய்மாமனுக்கு வந்தால் மருமகளுக்கு வருமா?



ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். ‘பெயர் போட வேண்டாம்’ என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு மனச்சிதைவு நோய். செய்வினை என்று சொல்லிச் சில வருடம் அலைந்து, ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் தங்கி, பிறகு மாத்திரையில் தேறி, இப்போது மறுபடி கடலுக்குப் போகிறார். வாசகியின் மகளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. தாய்மாமனுக்கு வந்தது இவளுக்கும் வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?

அம்மா, உள்ளதைச் சொல்லுங்கள். யாருக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. தாய்மாமனுக்கு இருந்தால் அது மூன்று, நான்கு ஆகலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியும் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு வராது. மரபணு அச்சு அசலாக ஒத்திருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வராமல் போவதே அதிகம்.

மரபணுவில் இருப்பது ஏன் எல்லோருக்கும் நோயாவதில்லை? நம் தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பவை அதே இருபதாயிரம் சொச்சம் மரபணுக்கள்தான். எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்மாய் ஒன்றுதான், எந்த மடையை எவ்வளவு தூக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வயல் நனையும், எது காயும் என்பது.

அந்த அளவை மூளையில் எப்படிப் பார்ப்பது? உயிரோடிருப்பவரிடம் மூளையை வெட்டி எடுக்க முடியாது. இறந்தபின் குடும்பத்தார் தானமாகத் தந்த மூளைகளில்தான் பார்க்கிறார்கள். 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில் நோயுள்ள 258 பேர், நோயில்லாத 279 பேருடைய மூளையின் முன்பகுதியை ஒப்பிட்டார்கள். சுமார் 700 மரபணுக்களின் செயல்பாட்டில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் அது மிகச் சிறியது. வருடக்கணக்காகச் சாப்பிட்ட மருந்தும் இந்த அளவுகளை மாற்றியிருக்கலாம் என்பதால் ஆய்வாளர்கள் நிதானமாகவே பேசுகிறார்கள். ‘இதோ அந்த மரபணு’ என்று ஒன்றைக் காட்டிக் கல்யாணத் தரகரிடம் சொல்ல வழியே இல்லை.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தையும் மூளையையும் வைத்து நடந்தவை. அதனால்தான் நம் பக்கத்து ஆய்வு ஒன்று எனக்குப் பெரிதாகப்படுகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் பல வருடம் சேர்ந்து, 3,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுக்களை அலசி, 2019இல் முடிவை வெளியிட்டன. ‘நாப்ரிட்1’ என்ற மரபணுவை ஒட்டிய மாற்றம் ஒன்று தென்பட்டது. வைட்டமின் பி3யை உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் மரபணு அது. வரிக்குதிரை மீனில் அதை முடக்கிப் பார்த்தபோது, மீனின் மூளை சரியாக வளரவில்லை.

(பி3 சூரை மீனில் நிறைய உண்டு. அதற்காக ‘சூரை தின்றால் மனநோய் போகும்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பிவிட்டால், நம் பத்திரிகையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.)

முன்னே சொன்னதுபோல் தானமாக வரும் மூளைகளைப் பாதுகாக்கும் வங்கி ஒன்று பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் இயங்குகிறது. கண்தானத்துக்குப் பழகிவிட்ட நாம் இதைப் பற்றி இன்னும் பேசவே தொடங்கவில்லை.

இந்த இதழ் ஆகஸ்டில் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. ‘தவா–துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும். தொழுகையை விடச் சொல்லாமல் மாத்திரையையும் கையில் கொடுப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

வீட்டில் யாருக்காவது காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று சந்தேகம் என்றால் 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், கல்யாணப் பேச்சு நடக்கும்போதும்.

அன்புடன்,
ஆசிரியர்