ஆயக்காரரும் அரசும்

தமிழ் விவிலியத்தைப் படித்தவர்கள் 'ஆயக்காரர்' என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். ஆயம் என்றால் சுங்கம். அதனைத் தண்டுவோர் அந்நூலில் பாவிகளோடு ஒரே மூச்சில் எண்ணப்படுகிறார்கள். ஒரு தொழில் இத்துணை வெறுப்பை ஈட்டியது ஏன்? உரோமை அரசின் வரிக் குத்தகை வரலாறு அதற்கு விடை தருகிறது.

கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் கொணர்ந்த சட்டத்தின்படி, ஆசியா மாகாணத்தின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) வரி உரோமை நகரில் ஏலம் விடப்பட்டது. ஐந்தாண்டுக் குத்தகை. ஏலம் எடுத்த செல்வர் கூட்டம் பேசிய தொகையை அரசுக்குக் கட்டிவிடும்; அதற்குமேல் தண்டுவதெல்லாம் அவர்களுக்கு. அரசுக்கோ வசூல் செலவுமில்லை, விளைச்சல் பொய்க்குமோ என்ற கவலையுமில்லை.

சிக்கல் பேராசையில் மட்டும் இல்லை. ஆளுநர்களின் முறைகேடுகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் நடுவர் இருக்கைகளும் அதே காலத்தில் அச்செல்வர் வகுப்பின் கைக்குப் போயின. ருடிலியஸ் ரூஃபஸ் என்ற நேர்மையாளர் ஆசியாவில் குத்தகைதாரரின் அத்துமீறலைத் தடுத்தார். கி.மு. 92இல் அவர்மீதே மக்களைச் சுரண்டினார் என்று வழக்கு! தண்டனையும் பெற்றார். பின்னர் அவர் புகலிடம் தேடிச் சென்றது, எந்த மக்களைக் கொள்ளையடித்தார் என்றார்களோ அவர்களிடமே. அவர்கள் அவரை மதிப்புடன் வரவேற்றார்கள். இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

முறையிட இடமில்லாத சினம் முறையின்றியே வெடித்தது. கி.மு. 88இல் மித்ரிடேட்டஸ் மன்னனின் ஆணைப்படி ஆசியாவில் உரோமையரும் இத்தாலியரும் கொன்று குவிக்கப்பட்டனர். மாண்டவர் 80,000 பேர் என்கின்றன சில பழங்குறிப்புகள். கி.மு. 40களில் ஜூலியஸ் சீசர் வந்துதான் அம்மாகாணத்தின் நேரடி வரியிலிருந்து குத்தகைதாரரை விலக்கினார்.

பரந்த நிலப்பரப்பை ஆள அன்றைய அரசிடம் போதிய அலுவலர்கள் இல்லை என்பது உண்மை. குத்தகை ஓர் எளிய வழி. ஆனால் வரி தண்டும் உரிமையை விற்ற அரசு, குடிகளின் குறை கேட்கும் காதையும் சேர்த்தே விற்றுவிட்டது என்பதே என் கருத்து.

நம் ஊர்களிலும் வாரச் சந்தையில் சுங்கம் தண்டும் உரிமையை உள்ளாட்சிகள் ஏலம் விடுகின்றன. ஏலத்தொகை உயர்ந்தால் வருமானம் பெருகியது என்று மகிழ்கிறோம். கட்டண விகிதம் எழுதிய பலகை சந்தையில் இருக்கிறதா, வாங்கிய காசுக்குச் சீட்டு தருகிறார்களா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஒரு கூடைக் கீரையோடு வந்து அமரும் மூதாட்டியிடம் கூடுதலாகப் பத்து ரூபாய் கேட்டால், அவர் யாரிடம் சென்று முறையிடுவார்? இக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டு ஏலத்தைத் தொடங்குவதே ஓர் அரசுக்கு அழகு.