குரோமிய மண்ணில் செடியைக் காக்கும் பூஞ்சை: நம்மையும் காக்குமா?

தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் போடும் ‘வேம்’ உரம் வடமதுரை வட்டார விவசாயிகளுக்குத் தெரிந்த பெயர்தான். மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவரும் பூஞ்சை அது. அதற்கு இன்னொரு வேலையும் தெரியும்: மண்ணில் கலந்த கன உலோகத்தைச் செடி தாங்கிக்கொள்ள உதவுவது.

இது ஏன் நமக்கு முக்கியம்?

பக்கத்தில் இருக்கும் திண்டுக்கல்லில், தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குரோமியம் இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் கட்டியாச்சு என்பதற்காக மண்ணில் இறங்கிய உலோகம் போய்விடாது. அது மட்காது, ஆவியாகாது.

பூஞ்சை என்ன செய்கிறது?

வேருக்குள் குடியேறும் வேம் பூஞ்சை, முடியைவிட மெல்லிய இழைகளை மண்ணில் பரப்புகிறது. உலோகத்தின் ஒரு பகுதி இந்த இழைகளின் சுவரிலேயே ஒட்டி நின்றுவிடுகிறது. ‘குளோமலின்’ என்ற பசை போன்ற பொருளும் உலோகத்தைப் பிடித்துவைக்கிறது. கூடவே மணிச்சத்தும் தண்ணீரும் கிடைப்பதால் செடி தெம்பாக நிற்கிறது.

அப்படின்னா பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

பூஞ்சை உலோகத்தை அழிப்பதில்லை, கட்டிவைக்கிறது, அவ்வளவுதான். சில செடிகளில் உலோகம் உள்ளே போவது கூடவும் செய்யலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேரில் இந்தப் பூஞ்சை பொதுவாகச் சேர்வதே இல்லை. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் அது ஒதுங்கிவிடும். செடி பச்சையாக இருப்பதை வைத்து மட்டும், காய் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. மத்திய அரசின் மண்வள அட்டை 12 அளவீடுகளைத் தருகிறது. துத்தநாகம், தாமிரம் உண்டு. குரோமியம் இல்லை. அட்டை கையில் இருந்தும் தன் நிலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விவசாயிக்குத் தெரியாது.

ஆகவே தோல் ஆலைப் பகுதி நிலங்களிலும் கிணறுகளிலும் குரோமியப் பரிசோதனையை அரசு இலவசமாகச் செய்ய வேண்டும். அளவு கூடிய நிலத்தில் காய்கறிக்குப் பதில் மரப்பயிர் வைக்க உதவ வேண்டும். அந்த மரக்கன்றுகளுக்கு வேம் நல்ல துணை. ஆனா கழிவை விட்டவர்களின் பொறுப்பை அந்தப் பூஞ்சை தலையில் கட்ட முடியாது.