மொதல்ல தேதியைப் பாருடா!

வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர் மாதத்தில், 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று என் அப்பா சர்க்காருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

அப்பாவுக்கு வயசு 78. போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முழங்கால் வலி. பாங்க் படிகளைப் பார்த்தாலே முகம் சுருங்கும். நல்லவேளையாக 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டம் வந்தது. கம்ப்யூட்டரில் ரேகைக் கருவியைச் செருகிக் கட்டைவிரலை வைத்தால், ஆள் இருப்பது ஊர்ஜிதமாகிவிடும்.

2024 நவம்பரில், ஒரு வருஷமாகப் பரணில் தூங்கிய கம்ப்யூட்டரை இறக்கினேன். ஆன் பண்ணிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு வந்தாலும் அது எழுந்திருக்கவில்லை. மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் வழிச்சுட்டு க்ளீன் இன்ஸ்டால் பண்ணிடுங்க அத்தான்!"

வழித்தேன். அதற்குமுன் குடும்ப போட்டோக்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். க்ளீன் இன்ஸ்டாலில் பழசு எதுவும் மிஞ்சாது.

விண்டோஸ் 10 சமர்த்தாக ஏறிவிட்டது. ஆனால் என் பென் டிரைவில் இருந்தது என்றைக்கோ எடுத்துவைத்த பிரதி. அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் எல்லாம் அப்டேட்டாக இறங்க வேண்டும். ரேகைக் கருவிக்கான டிரைவரும் அதோடுதான் வரணும்.

"டிரைவர் வரணும்ப்பா" என்றேன்.

"வந்தா காபி கொடுத்து அனுப்பு" என்றார்.

அப்டேட் பொத்தானை அழுத்தினேன். 80072எஃப்8எஃப் என்றது. என்ன குற்றம் என்று சொல்லாமல், நம்பரை மட்டும் சொல்லித் தண்டிக்கிற கோர்ட் உலகத்தில் இது ஒன்றுதான்.

மூன்று தடவை அணைத்துப் போட்டேன். கோளாறு கண்டுபிடிக்க விண்டோஸுக்குள்ளேயே ஒரு வைத்தியர் இருக்கிறார். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மைத்துனன் சொன்னபடி அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு, 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' ஃபோல்டரைத் திறந்தேன். பாதி இறங்கிக் கெட்டுப்போன அப்டேட்டெல்லாம் அங்கேதான் கிடக்குமாம், அதைக் காலி பண்ணினால் சரியாகுமாம். ஒன்றுமே இல்லை. இறங்கினால்தானே கெடும்! டிஸ்க்கில் இடம்? தாராளம். நெட்? மற்ற போன்களில் ஓடுகிறது. இதில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கை. கீழே பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

நவம்பர் 28, ராத்திரி பதினோரு மணி. மாதம் முடிய இரண்டே நாள்.

"மறுபடி வழிச்சுடுங்க அத்தான்!" என்றான் மைத்துனன்.

பென் டிரைவைக் கையில் எடுத்தபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னடா, இன்னும் நான் உயிரோட வரலையா?"

"எதுவும் இறங்க மாட்டேங்குதுப்பா."

"தேதி சரியா இருக்கா பாத்தியா?"

"தேதிக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"போஸ்ட் ஆபீஸ்ல காலையில மொத வேலை, முத்திரையில தேதி மாத்தறது. ஒரு நோட்டுல குத்திப் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம். அது தப்பானா அன்னிக்குக் குத்தற அத்தனையும் தப்பு."

திரையின் மூலையைப் பார்த்தேன். 01-01-2012!

விஷயம் இதுதான். அப்டேட் தருகிற தூரத்துக் கம்ப்யூட்டர் முதலில் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழை நீட்டும். அதில் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும்' என்று இருக்கும். நம்முடையது தன் கடிகாரத்தைப் பார்த்து, 'இது இன்னும் பிறக்கவே இல்லையே!' என்று கதவைச் சாத்திவிடும். அப்பாவிடம் சர்க்கார் கேட்கிற மாதிரி இங்கேயும் சான்றிதழ்தான் தகராறு.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பாட்டரி உண்டு. பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரே அளவுதான். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. பரணில் கிடந்த காலத்தில் பாவம், உயிரை விட்டுவிட்டது.

தேதியை மாற்றப் போனேன். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு... அப்ப உங்கம்மா இருந்தா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, மாத்துடா."

மாற்றினேன். அடுத்த நிமிஷமே அப்டேட் இறங்க ஆரம்பித்து, நாலு தடவை தானே அணைந்து எழுந்து, விடிவதற்குள் முடித்துவிட்டது. டிரைவரும் வந்தார். காலையில் கட்டைவிரலை வேட்டியில் இரண்டு தடவை துடைத்து வைத்தார் அப்பா. போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது.

"இருக்கேனாம்" என்றார்.

அப்போதுதான் என் பெண் சொன்னாள்: "தாத்தா, 2021-லேர்ந்து போன்ல முகத்தைக் காட்டினாலே போதுமே!"

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையேப்பா!"

அன்றைக்கே புது பாட்டரி போட்டேன். இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கியதும் மறுபடி 2012 வந்துவிடும். ஆகவே, உங்கள் வீட்டில் அப்டேட் அடம் பிடித்தால், வழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை தேதியைப் பாருங்கள்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-ம் ரிட்டயர் ஆனது. கேட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று அறிவித்தார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"அதுக்கு எக்ஸ்டென்ஷனா? எனக்கு ஒரு நாள்கூடத் தரலையேடா!" என்றார்.

நான் கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், அப்பா எழுந்து வந்துவிடுகிறார். மூலையில் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் போகிறார்.