குச்சி ஐஸில் ஓர் எலும்பு

இரண்டு மாதம் முன்பு அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஸ்டீல் பிளேட், ஆறு ஸ்க்ரூ. பில்லைப் பார்த்து எனக்கு ஒன்றும் முறியாததுதான் ஆச்சரியம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து அம்மா கேட்டாள்: ''நாளாக நாளாக இது என் எலும்பாவே ஆயிடுமாடா?''

நான் பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். எலும்பு? படித்துப் பார்த்தேன். ஆகாதாம். ஸ்டீலுக்கு எலும்பைவிடப் பத்து மடங்கு விறைப்பு வேறு. பாரத்தையெல்லாம் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும். வேலையில்லாமல் உட்கார்ந்தால் நமக்குத் தொந்தி போடும், எலும்போ மெலிந்துபோகும்!

பக்கத்து மெஸ்ஸிலிருந்து இரண்டு கோழி எலும்பு வாங்கி வந்தேன் (வீட்டில் சுத்த சைவம். சொல்லிவிடாதீர்கள்). ஒன்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் வினிகர் ஊற்றி ஊறப்போட்டேன். ஒரு வாரத்தில் தாது கரைந்து ரப்பர் மாதிரி வளைந்தது. இன்னொன்றைச் சுட்டதில் கொலாஜன் என்கிற புரதம் எரிந்து, தொட்டால் பொடிப்பொடி. எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாது, மீதி புரதமும் தண்ணீரும். தனித்தனியே இரண்டும் உதவாக்கரை. பொடி அடுக்காய்ப் பின்னிக்கொண்டால்தான் எலும்பு.

அந்த அடுக்கைக் கையால் கட்ட முடியாதே! குச்சி ஐஸை உறிஞ்சினால் கலரும் இனிப்பும் வாய்க்கு வந்துவிட்டு, வெள்ளை ஐஸ் மட்டும் மிஞ்சுமில்லையா? தண்ணீர் உறையும்போது தன்னிடம் கலந்ததை வெளியே தள்ளிவிடும். கடல் உறைந்தாலும் உப்புக்கு இதே கதிதான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2006-ல் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே தாதுப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பக்கத்திலிருந்து உறைய வைத்தார்கள். ஐஸ் தகடு தகடாக வளர, பொடி இடுக்குகளில் சுவர் சுவராக ஒதுங்கியது. ஐஸை ஆவியாக்கிவிட்டு மிச்சத்தைச் சூளையில் சுட்டால், பழைய முறையில் செய்ததைவிட நாலு மடங்கு வரை பலம். 2008-ல் அலுமினாச் சுவர்களுக்கு நடுவே பிளாஸ்டிக்கை நிரப்பினார்கள். விரிசல் நேராக ஓட வழியில்லாமல் சந்து சந்தாகத் திணற, அதை உடைக்கத் தனிப் பொருளைவிட 300 மடங்கு சக்தி தேவைப்பட்டது.

அம்மாவிடம் சொன்னேன். ''அப்ப எனக்கு அதை வெச்சிருக்கலாமேடா?''

''தொடைக்கு வைக்கிற அளவுக்கு இன்னும் வரலைம்மா.''

சற்று நேரம் பேசவில்லை. பிறகு வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தாள்.

''எலும்புக்கு வேலை குடுக்கணும்னியே, கூட வா. அடுக்களை வரைக்கும் நடக்கலாம். அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்ல என்ன நாத்தம்னும் பாத்துடறேன்.''