மூன்றாவது கட்டம்

பேத்தியின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான் மகன். புனே, ஹிஞ்சேவாடி. கணினி நிறுவனங்களைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்று. படிவத்தில் மூன்று கட்டங்கள்: பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். இரண்டு நிரம்பிவிட்டன. மூன்றாவதில் பேனா நின்றது.

"அப்பா, நமக்கு என்ன போடறது?"

மகாராஷ்டிரர்களுக்கு இது ஒரு கேள்வியே அல்ல. ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்தால் பலருக்கு வேலை முடிந்தது. லதாவின் தந்தை தீனாநாத், கோவாவிலுள்ள மங்கேஷி என்ற ஊரை வைத்துத்தான் மங்கேஷ்கர் ஆனார். நமக்கு இருப்பதோ ஒற்றை எழுத்து இனிஷியல். சாதிப் பெயரைப் போடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். என் அப்பா உதறியதை ஹிஞ்சேவாடிக்கு வந்தா எடுத்து மாட்டிக்கொள்வது?

எதிர்வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர். அவருக்கு அசல் பிரெஞ்சுக் குடும்பப் பெயரே இருக்கிறது. அவர் தொல்லை வேறு. அந்தப் பெயருக்கு முன்னால் தன் பாட்டன் பூட்டன்கள் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஏற்றால் பின்வாங்க முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லா போர்த்' ஆனார். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். 1873-ல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர் அவர். சாதி அடையாளத்திலிருந்து தப்ப வழி தேடியவர்கள் பலரும் இப்படிப் பெயர் மாறினார்கள். ஒரு கையெழுத்தில் பரம்பரைப் பெயர் போய்விட்டது. ஆனால் எதிர்வீட்டுக்காரர் கையில் நூலின் நுனி இருக்கிறது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பத்திரத்தில் சந்தித்துக்கொள்கின்றன. பிரெஞ்சிந்தியப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளின் பிரதிகளும் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கனடாவின் கியூபெக்கிலும் இதே தலைவலி உண்டு. 1665-ல் பிரான்சிலிருந்து அங்கு போய் இறங்கிய படைவீரர்களுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. 'லாஃப்ளேர்' என்றால் பூ. 'சான்சூசி' என்றால் கவலையற்றவன். (படைவீரனுக்கு இதைவிட நல்ல பெயர் ஏது?) அசல் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே 'தி' என்று ஒரு சொல் போடுவார்கள். நம் பத்திரங்களில் வரும் 'முனியன் என்கிற முனுசாமி'யின் 'என்கிற'தான் அது. பிறகு ஒரு பிள்ளை அசல் பெயரோடு போனான். இன்னொருவன் பட்டப்பெயரோடு போனான். ஒரே ரத்தத்துக்கு இரண்டு பெயர். இருந்தும் அங்கே முந்நூறு ஆண்டு வம்சாவளியைத் தேடிப் பிடிக்கிறார்கள். காரணம் பாதிரியார்கள். பெண்ணுக்குத் திருமணமானாலும் தேவாலயப் பதிவேட்டில் அவளைப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதினார்கள். 1981 முதல் கியூபெக்கில் சட்டமே அப்படித்தான். புனேயிலோ, பழைய வழக்கப்படி, கல்யாணத்தன்று தாம்பாளத்து அரிசியில் மணமகளின் புதுப்பெயரை மாப்பிள்ளை எழுதுவார். நம்மூரில் கல்யாணமானதும் அவள் இனிஷியல் மாறிவிடுகிறது.

நமக்கும் ஒரு நூல் இருந்தது. 'பெயரன்' என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் வந்தது. பேரன் ஆனது பேச்சில். என் பெயர் என் தாத்தாவின் பெயர். நிலப் பத்திரங்களில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை இதே பெயர் வருகிறது. கடைசியில் மகன் தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தான். அதில் குடும்பப் பெயர் என்று போட்டிருந்தது என் பெயரை. அதையே மூன்றாவது கட்டத்தில் எழுதினான். நான் உயிரோடு இருக்கும்போதே குடும்பப் பெயராகிவிட்டேன். என் அப்பாவின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இரவு ஒரு நோட்டில் வரிசையாக எழுத உட்கார்ந்தேன். ஆண் வழியில் ஐந்து தலைமுறை தயங்காமல் வந்தது. பெண் வழியில் பாட்டியோடு நின்றுவிட்டது. கும்பகோணத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பாட்டியோட அம்மா பேர் என்னக்கா?"

"எதுக்குடா இப்ப?" என்றாள். பிறகு வெகுநேரம் பேச்சில்லை. "அவங்களை எல்லாரும் ஆத்தான்னுதான் கூப்பிட்டோம்."