வாசிக்கும் உரிமையும் எண்முறைப் பூட்டும்
(பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்வைத்து)

முன்னுரை

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவைத் தேவந்தியிடம் உரைக்கிறாள். தேவந்தியோ இரு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுமாறு பரிகாரம் கூறுகிறாள். அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கிறாள். புகாரில் கண்ட கனா மதுரையில் பலித்தது. தீக்கனா ஒன்று சொல்லப்படும்போது அதன் பொருளை ஆராயாமல் பரிகாரத்தோடு அமைதி கொள்ளும் மனநிலை தேவந்தியோடு முடிந்துவிடவில்லை. வருங்காலத்தின் கேட்டினை முன்னுரைக்கும் புனைகதைகளை ‘மிகைக் கற்பனை’ என ஒதுக்கிவிடும் திறனாய்வுப் போக்கும் அதன் தொடர்ச்சியே ஆகும். அவ்வாறு ஒதுக்கப்படும் கதைகளுள் ஒன்று ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதி 1997 பிப்ரவரியில் வெளிவந்த ‘வாசிக்கும் உரிமை’. அக்கதை தமிழாய்வுக்கு அயலானது எனக் கருதுவது பிழை என்பதை எல்லையூர்த் தமிழ்ப் பனுவல்களைக் கொண்டு நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

கதையும் கணிப்பும்

கதைத் தலைவன் டான் ஒரு கல்லூரி மாணவன். உடன் பயிலும் லிஸ்ஸா, தன் கணினி பழுதுற்றதால் அவன் கணினியை இரவல் கேட்கிறாள். கொடுத்தால் அவனுடைய நூல்களை அவள் வாசிக்கக்கூடும். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒவ்வொரு நூலும் எப்போது, எங்கே, யாரால் வாசிக்கப்பட்டது என்பதை நடுவண் உரிம அமைப்புக்கு அறிவிக்கும் கண்காணிப்பான் அந்நூலுக்குள்ளேயே உள்ளது. ஆய்விதழ்க் கட்டுரைக்கும் கட்டணம் உண்டு. இறுதியில் டான் கணினியைத் தருவதோடு தன் கடவுச்சொல்லையும் அவளுக்குச் சொல்லிவிடுகிறான். இரவல் கொடுத்தல் என்னும் எளிய நட்புச் செயல் அரச குற்றமாகிவிடுகிறது. இதுவே கதையின் அச்சத்திற்கு அடிப்படை.

இதனை மிகை என்போர் பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லை என்னும் காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் மின்படிகளை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆயினும் நூலோடு இணைத்து எழுதிவைத்த பாடக் குறிப்புகள் பயனற்றுப் போயின என ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். விற்ற புத்தகத்தை வாசகனின் அலமாரியிலிருந்து அவனறியாமல் எடுத்துச் செல்லும் வணிகனை அச்சுநூல் உலகம் கண்டதில்லை.

இந்தியச் சட்டமும் இதற்கு விலக்கன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கோடு தொழில்நுட்பப் பூட்டினை உடைப்பவருக்கு ஈராண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கிறது. சட்டம் தடுக்காத ஒரு நோக்கத்திற்காகப் பூட்டை நீக்கலாம் என்னும் விலக்கும் அதில் உள்ளது, இது பாராட்டத்தக்கதே. ஆனால் அவ்வாறு நீக்க ஒருவருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகிய அனைத்தையும் பதிந்துவைத்தல் வேண்டும். நேர்மையான வாசகனுக்கு உதவுவதற்கும் பதிவேடு! ஸ்டால்மன் கதையின் கண்காணிப்பான் இங்கே சட்டவாசகமாக உருப்பெற்றிருப்பது கருதத்தக்கது.

எல்லையூர்ப் பனுவல்களின் வாழ்முறை

2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ஸ்டால்மனும் அங்கு வந்திருந்தார். அந்நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரையும், அதனைக் கடந்து பாறசாலையும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையும் உள்ளன. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்ததேயன்றிப் பாட்டு பிரியவில்லை.

இரவிக்குட்டிப்பிள்ளைப் போர் முதலிய கதைப்பாடல்களைத் தமிழ் நாட்டார் வழக்காற்றியலார் தமிழ்ப் பனுவல்களாகக் கொள்வர். மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர் அவற்றையே ‘தெக்கன் பாட்டுகள்’ எனத் தம் வரலாற்றில் வைப்பர். கோவளத்தை அடுத்த ஆவாடுதுறை அய்யிப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டு இரு மொழியும் கலந்த நடையால் இரு வரலாறுகளுக்கும் உரியதாகிறது. இவை வாழ்ந்த முறை யாது? ஓர் ஆசானிடமிருந்து மாணாக்கன் ஏட்டினை வாங்கிப் படியெடுத்தான். வில்லுப்பாட்டுப் புலவன் தன் ஊருக்கேற்பச் சில அடிகளைக் கூட்டியும் குறைத்தும் பாடினான். அதனைக் கேட்ட இன்னொருவன் மீண்டும் எழுதிவைத்தான். பாடவேறுபாடு என்று பதிப்பாசிரியர் குறிப்பன எல்லாம் இந்த இரவலின், படியெடுத்தலின் தடங்களே. படியெடுத்தல் குற்றமாக இருந்திருப்பின் இப்பனுவல்களுள் ஒன்றும் ஆய்வாளன் கைக்கு வந்திராது.

அச்சுநூலும் இம்மரபை முற்றாக முறிக்கவில்லை. ஒருமுறை விற்கப்பட்ட படி புழக்கத்திற்கு வந்துவிட்டதாகும். அதன் மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை ஆசிரியருக்கில்லை என்பதே 14ஆம் பிரிவின் கருத்து. பழைய புத்தகக் கடையும் இரவலும் இதனால் வாழ்கின்றன. 1945இல் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய திருவிதாங்கூர் நூலக இயக்கம் ஊர்தோறும் வாசகசாலை கண்டதும் இவ்வுரிமையின் மேல்தான். தமிழ் நூல் விற்பனை அருகிய எல்லையூரில் ஒரு படி பத்து வீடுகளுக்குச் செல்லும். மின்னூலோ பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. பயன்படுத்த இசைவு மட்டுமே தரப்படுகிறது. அவ்விசைவை நாட்டெல்லைக்குள் அடக்கலாம், காலக்கெடு விதிக்கலாம், திரும்பப் பெறலாம். சிறுபான்மை மொழி வாசகனே இதனால் முதலில் இழப்புறுவான்.

1910இன் ஆணையும் இன்றைய பூட்டும்

நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியராக இருந்து திவான் ஆட்சியைக் கடிந்தெழுதினார். 1910 செப்டம்பர் 26இல் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவர் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டு 1916இல் கண்ணூரில் காலமானார். அவ்வடக்குமுறை கொடிது. எனினும் வாசகர் கைக்குச் சென்று சேர்ந்த இதழ்களை வீடுதோறும் தேடி அழித்தல் எவ்வரசுக்கும் எளிதன்று. எண்முறைப் பூட்டு அதனை ஒரு கட்டளையில் செய்யவல்லது. அன்று அடைக்கப்பட்டது எழுதியவனின் வாய். இன்று பிணிக்கப்படுவது வாசகனின் கை.

ஆசிரியர் உரிமை என்னும் வாதம்

பூட்டு இல்லையேல் எழுத்தாளர் பட்டினி கிடப்பர் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். எழுத்தாளர்க்கு ஊதியம் வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆயின் ஊதியமும் பூட்டும் ஒன்றெனல் பொருந்தாது. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கையில் இருந்து வழக்கெழும் நிலை வந்தபோது, 1949இல் சென்னை அரசு அதனைப் பெற்றது, குடும்பத்தார்க்குத் தொகை வழங்கப்பட்டது, பாடல்கள் பொதுவுடைமையாயின. தமிழக அரசு பிற்காலத்தில் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியதும் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை அளித்தே. உரியோர்க்குப் பொருளும் வாசகனுக்கு விடுதலையும் ஒருங்கே தரும் வழியைத் தமிழ்ச்சூழல் முன்பே கண்டுள்ளது.

மேலும், தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காக நூற்பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பதை ஏற்றது. பதிப்புரிமை இயற்கையுரிமையோ தெய்விக உரிமையோ அன்று என்றும் அத்தீர்ப்பு கொண்டது. நீதிமன்றம் மாணவனுக்குத் திறந்த கதவைக் கருவியில் பொருத்திய பூட்டு மூடுமாயின், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றமா, நிறுவனமா?

முடிவுரை

இக்கண்டனம் வணிக நிறுவனங்களை மட்டும் நோக்கியதன்று, தமிழ்த்துறைகளையும் நோக்கியது. எல்லையூர் முதியோரின் தொண்டையிலிருந்தும் வீட்டுப் பரணிலிருந்தும் கதைப்பாடல்களைத் திரட்டியவர் ஆய்வாளர். அவற்றைக் கணினிப்படுத்தியபின் கடவுச்சொல்லுக்குள் அடைத்துவிட்டால், பாடியவரின் பேரன் தன் பாட்டனின் பாட்டுக்கு இசைவு கேட்டு நிற்பான். கொடுத்தவனுக்கே கொள்ளும் உரிமையை மறுக்கும் செயல் ஆய்வறம் ஆகாது.

மாற்று வழி புதிதன்று. 1998 முதல் மதுரைத் திட்டமும் 2005 முதல் ஈழத்து நூலகம் திட்டமும் பூட்டின்றியே நூல்களைக் காத்து வருகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்கவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. சோத்கங்கா களஞ்சியம் அவற்றை யாவர்க்கும் திறந்துவைக்கிறது. ஆகவே, துறைகள் கணினிப்படுத்தும் ஏடுகளும் ஒலிப்பதிவுகளும் பூட்டின்றி, பாடியோர் ஊர்ப்பெயரோடு வெளியிடப்படுதல் வேண்டும். நூலகங்கள் மின்னூல் வாங்கும் ஒப்பந்தங்களில் இரவல் தரும் உரிமையும் நிலையாகப் பேணும் உரிமையும் இடம்பெறல் வேண்டும். இவையிரண்டையும் துறைகளே தம் அளவில் தொடங்க இயலும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.